குல்னாவில் ஏறிய கொடி



நெடுங்காலம் தத்துவம் போதித்தும் உறுதியான முடிவென்று ஒன்றுக்கும் வந்து சேராத என்னை இம்மாநாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்த்திய உங்கள் துணிவுக்கு என் வந்தனம். பிறந்த இடம் ஒருவன் முயன்று பெற்றதன்று, தற்செயலாய் வாய்த்தது. ஆதலின் தேசத்தைக் குறித்துப் பெருமிதம் கொள்வது பேதைமை என்னும் வாதமே நம் விசாரணைக்கு உரிய பொருள்.

வாதம் பழையது. செரிபோஸ் என்னும் சிறு தீவினன் ஒருவன், ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் கீர்த்தி அந்நகரம் தந்ததே என்று இகழ்ந்தபோது, தாம் செரிபோஸில் பிறந்திருந்தால் புகழ் பெற்றிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட அவர், அவன் ஏதென்ஸில் பிறந்திருந்தாலும் பெற்றிருக்க மாட்டான் என்று மறுமொழி கூறியதாகப் பிளேட்டோ எழுதுகிறார். நம் நாட்டிலோ பிறப்பைத் தற்செயல் என்னவே பலர் ஒருப்படார். பூர்வ கர்மத்தின் பலன் என்பர். பெருமைக்கு அதில் நியாயம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே நியாயமே சேரியில் பிறந்தவனை நோக்கி, 'உன் வினை' என்று சொல்லவும் உதவிற்று. அதைவிடத் தற்செயலே மேல் என்பது என் அபிப்பிராயம்.

பிறந்த இடம் மட்டுமன்று, தேசமுமே தற்செயலாய் வாய்க்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. 1947 ஜூலை 8 அன்று, அதற்குமுன் இந்நாட்டை ஒருமுறையும் கண்டிராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் சர் சிரில் ராட்கிளிஃப் இந்திய-பாகிஸ்தான் பிரிவினைக்காக வந்திறங்கி, ஏறக்குறைய ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்கத்தையும் பிளக்கும் எல்லைகளை வகுத்தார். அவருடைய தீர்ப்பு ஆகஸ்டு 17 அன்றுதான் வெளியாயிற்று. சுதந்திர தினம் அதற்கு முன்பே வந்துவிட்டமையால், முஸ்லிம்கள் மிகுந்த முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும், இந்துக்கள் சிறிதே மிகுந்த குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறின. தீர்ப்போ, கல்கத்தாத் துறைமுகத்துக்கு உயிரான பாகீரதி நதியின் தலைப்பை முன்னிட்டு முர்ஷிதாபாத்தை இந்தியாவுக்கும், குல்னாவைப் பாகிஸ்தானுக்கும் அளித்தது. ஏறிய கொடிகள் இறங்கின.

பிறந்த இடம் நகரவில்லை, பாகீரதி பழைய படுகையிலேயே ஓடிற்று, நகர்ந்தது தேசம். பட்டுக்குப் பேர்போன முர்ஷிதாபாத்தில் நெசவாளி ஒருவன் பதினைந்தாம் தேதி உட்கார்ந்த அதே தறியில்தான் பதினெட்டாம் தேதியும் உட்கார்ந்திருப்பான். அவனை நெசவாளி வீட்டில் பிறப்பித்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் நெய்தவன் அவன். தன் பட்டைக் குறித்து அவன் கொண்ட கர்வம் தெமிஸ்டோக்ளிஸின் மறுமொழிக்கு உறவுடையது. எந்த ரேகையும் அதைத் தொடவில்லை.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால், ஊரார் கைவேலையில் கொள்ளும் பெருமை மெய், கொடியில் கொள்ளும் பெருமை பொய் என்று சௌகரியமாகத் தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் குல்னாவில் கொடியேற்றியவர்களுள் அந்நியர் ஆட்சியில் சிறை சென்ற ஒருவன் இருந்திருப்பானே என்ற எண்ணம் என்னை விடுவதில்லை. அவனுக்குத் தேசம் என்பது தற்செயலாய் வாய்த்ததன்று. நெசவாளியின் பட்டைப் போலவே தன் முயற்சியால் உண்டானது. முயலாமல் கிடைத்த பிறப்பிடமே, முயன்று பெற்ற தேசத்தை அவனிடமிருந்து மூன்றே நாளில் பிரித்துவிட்டது. அவனுடைய பெருமிதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? கட்டுரை வாசிக்க இருப்போர் அவனையும் இச்சபையில் ஒருவனாக வைத்துப் பேசவேண்டுமென்று வேண்டி, முதற் கட்டுரையாளரை அழைக்கிறேன்.