உறுதிப் பெட்டியும் வரிக் கோவையும்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயம் வளர்க்கும் சங்கத்திலே வருமான வரியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இலங்கையில் அவ்வரி 1932ஆம் ஆண்டு தொடக்கம் இருந்துவருகின்றது. நம்மவரோ அதனை இன்றும் நவம்பர் மாதத்துக் காய்ச்சலாகவே கருதுகின்றனர். ஏப்பிரல் 1இல் தொடங்கும் மதிப்பாண்டு மறு ஆண்டு மார்ச் 31இல் முடிகின்றது. விபரத்திரட்டை அனுப்புவதற்கு நவம்பர் 30 வரை தவணை உண்டு. இந்த எட்டு மாதத்திலேதான் கடதாசிகள் சிதறிப்போகின்றன.

நம் மூதாதையர் காணி உறுதிகளைத் தகரப்பெட்டியிற் பூட்டித் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அதே வீட்டிலே இன்று வங்கி தந்த வட்டிச் சான்றிதழ் பால்கணக்குக் கொப்பிக்குள்ளே கிடக்கின்றது. 2025 ஏப்பிரல் 1 முதல் வைப்புப் பணத்தின் வட்டியில் நூற்றுக்குப் பத்தை வங்கியே வரியாகக் கழிக்கின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர், கழிக்கவேண்டாமென வங்கிக்குப் பிரகடனம் எழுதிக்கொடுக்கலாம். கொடாதவர், கழித்ததை விபரத்திரட்டு அனுப்பி மீளக் கோரலாம். அதற்கு அச்சான்றிதழே ஆதாரம். ஆறு இலட்சம் வட்டியை நம்பிச் சீவிக்கும் ஒரு மூதாட்டிக்கு 60,000 ரூபா சிறு தொகையா?

ஆகையால் ஆண்டுக்கொரு கோவை வாங்கி, மதிப்பாண்டை வெளியே எழுதி, கடதாசி கைக்கு வந்த அன்றே அதிலிடுங்கள். உத்தியோகத்தருக்கு வேலைகொள்வோர் தரும் ரி-10 சான்றிதழ் முக்கியம். வீடு வாடகைக்கு விட்டவர் உடன்படிக்கையையும் தாம் கொடுத்த பற்றுச்சீட்டுகளின் அடித்துண்டுகளையும் வைத்தல் வேண்டும். கடைக்காரருக்கும் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்குமே தொல்லை அதிகம். வரவுசெலவை அன்றன்றே எழுதாவிடின் பின்னர் நினைவிலிருந்து எழுத இயலாது. இக்காலத்து இயந்திரச் சீட்டுகளின் எழுத்து சூடுபட்டு வெளிறிப்போகும். உடனே பிரதி எடுத்துவிடுங்கள். இவற்றை ஐந்தாண்டு பேணவேண்டுமென்பது சட்டம்.

கண்டதையெல்லாம் சேர்க்கவும் வேண்டா. சம்பளக்காரருக்கு மின்சாரச் சிட்டையும் பலசரக்குச் சிட்டையும் வரிக்கு உதவா. திருவிழா உபயத்தின் பற்றுச்சீட்டும் அப்படியே. அது புண்ணியக் கணக்கைச் சேர்ந்தது! நோயாளரையும் வறியோரையும் வைத்துப் பராமரிப்பதற்கென அமைந்து அரசின் அங்கீகாரம் பெற்ற தருமஸ்தாபனத்துக்குக் கொடுத்த பணத்துக்கே, ஓர் எல்லைக்குட்பட்டுக் கழிவு உண்டு.

வாலிபர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியோர் பலருக்குக் கணினிவழி விபரத்திரட்டு அனுப்பும் முறை விளங்குவதில்லை. வருகின்ற ஏப்பிரலில் இரண்டு ஞாயிறு மாலைகளை ஒதுக்கி, அவர்கள் கொண்டுவரும் கடதாசிகளை நமது வாசிகசாலை மேசையிலே ஆண்டுவாரியாக அடுக்கிக் கொடுங்கள். பெரியோர்களே, நீங்களும் தயங்காது கொண்டுவாருங்கள்; வரிக் கணக்கின் இரகசிய இலக்கத்தை மாத்திரம் எவரிடமும் சொல்லாது நீங்களே அழுத்துங்கள்.