சேமப்படையும் சேமமும்: அமெரிக்காவின் 99ஆம் பிரிவு



‘சேமம்’ என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள்களைத் தருகிறது. நலமாகவும் பாதுகாப்பாகவும் இருத்தல் ஒன்று; பின்னாளுக்கென எடுத்துவைத்தல் மற்றொன்று. தத்தம் தொழிலைச் செய்துகொண்டே, அழைப்பு வரும்போது சீருடை அணிவோரைச் சேமப்படையினர் என்கிறோம். எடுத்துவைக்கப்பட்டவர்கள் பாதுகாப்பாகவும் இருப்பார்கள் என்று நம்மையறியாமலே எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை அமெரிக்காவின் 99ஆம் காலாட்படைப் பிரிவின் வரலாற்றைக் கொண்டு இன்று காண்போம்.

இப்பிரிவு 1942 நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் வான் டோர்ன் முகாமில் செயல்படத் தொடங்கியது. இராணுவத்தின் கல்வித் திட்டத்தில் கல்லூரிகளில் பயின்றுவந்த இளைஞர் பலர், அத்திட்டம் 1944இல் சுருக்கப்பட்டபோது இதில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் இப்பிரிவு பெல்ஜிய, ஜெர்மானிய எல்லையிலுள்ள ஆர்டென் காட்டுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீண்ட அக்களம் அமைதியானதென்று கருதப்பட்டது. போர் காணாத புதியவர்கள் அங்கே பழகிக்கொள்ளட்டும் என்பதே தலைமையின் கணிப்பு.

டிசம்பர் 16 விடியற்காலையில் ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் அக்களத்தின்மீதே பாய்ந்தது. லான்செராத் என்னும் சிற்றூரின் அருகே 18 பேர் கொண்ட உளவுக் குழுவும், பீரங்கிப் படையைச் சேர்ந்த நோக்கர் நால்வரும், பலநூறு பேர் கொண்ட எதிரிப்படையைப் பகல் முழுவதும் தடுத்து நிறுத்தினர். அடுத்த நாள்களில் இப்பிரிவு, அனுபவம் மிக்க 2ஆம் பிரிவோடு சேர்ந்து எல்சன்போர்ன் மேட்டைக் காத்தது. வடபுறச் சாலைகள் எதிரிக்குக் கிட்டாமற்போயின. ஆயினும் சிறைப்பட்ட அவ்வுளவுக் குழுவினரின் செயலுக்குரிய விருதுகள் 1981இல்தான் வழங்கப்பட்டன.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே இப்பிரிவு கலைக்கப்பட்டது. 1967இல் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 99ஆம் இராணுவச் சேமப்படைத் தலைமையகம் உருவாயிற்று. பழைய எண்ணும் தோட்சின்னமும் அதற்கு வந்தன. கருங்கேடயத்தின் நடுவே நீலமும் வெள்ளையுமான கட்டங்கள் அமைந்தது அச்சின்னம். கட்டங்கள் பிட்ஸ்பர்க் நகருக்குப் பெயர் தந்த வில்லியம் பிட்டின் குலச்சின்னத்திலிருந்து வந்தவை. கருமை அவ்வூரின் இரும்புத் தொழிலைக் குறிப்பது. போர்முனையில் நின்ற பிரிவின் அடையாளம், உள்ளூர்ச் சேமப்படை அலகுகளை நிருவகிக்கும் அலுவலகத்தின் அடையாளமாயிற்று.

அவ்வலகுகளுள் ஒன்று கிரீன்ஸ்பர்க் நகரத்தின் 14ஆம் வழங்கல் படைக்குழு. நீரைத் தூய்மைப்படுத்தித் தருவதே அதன் பணி. வளைகுடாப் போருக்காக அழைக்கப்பட்ட அக்குழுவினர் 69 பேர், 1991 பிப்ரவரி 19 அன்று சவூதி அரேபியா சென்றடைந்தனர். போர்முனைக்கு வெகு பின்னே, தஹ்ரான் அருகே, படைவீடாக மாற்றப்பட்ட கிடங்கொன்றில் தங்கியிருந்தனர். பிப்ரவரி 25 இரவு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அக்கிடங்கின்மீது விழுந்தது. இறந்த 28 அமெரிக்க வீரர்களுள் 13 பேர் இச்சிறு குழுவினர். இக்குழுவில் மேலும் 43 பேர் காயமுற்றனர். மூன்றே நாள்களில் போர் நிறுத்தம் வந்தது. ஒரே வட்டாரத்து மக்கள் ஒரே இரவில் இத்தனை பேரை இழந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஓரிடத்தை அமைதியான களம் என்றார்கள். மற்றோரிடத்தைப் பின்களம் என்றார்கள். இரண்டும் வரைபடத்தில் எழுதப்பட்ட சொற்கள். எதிரி அவற்றைப் படித்துவிட்டு வருவதில்லை. அச்சொற்களை நம்பி அங்கே வைக்கப்பட்டவர்களே அவற்றின் விலையைக் கொடுத்தார்கள்.

2018இல் இத்தலைமையகம் 99ஆம் ஆயத்தப் பிரிவு எனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்போது அது நியூ ஜெர்சியின் டிக்ஸ் தளத்திலிருந்து செயல்பட்டது. ‘பிரிவு’ என்னும் பழஞ்சொல் திரும்பியிருக்கிறது. ‘ஆயத்தம்’ என்னும் சொல்லும் உடன்சேர்ந்திருக்கிறது. எண்ணையும் சின்னத்தையும் ஓர் ஆணையால் வழங்கிவிடலாம். நீர் வடிகட்டச் சென்றவருக்கும் போர்முனையில் நிற்பவருக்குரிய காவலைத் தருவதே ஆயத்தம் என்னும் சொல்லுக்கு உரிய பொருளாகும். சேமப்படை என்று நாம் சொல்லும்போதெல்லாம், அதிலுள்ளோரின் சேமத்துக்கு யார் பொறுப்பு என்றும் சேர்த்தே கேட்போமாக.