விதைக்குள் ஒரு தோட்டம்



சிறுவயதில் பார்த்த தோப்பையும் தோட்டத்தையும் வரைவதும் வடிப்பதும் வெறும் ஏக்கம்தானே, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். பயன் உண்டு என்பதே என் கட்சி.

நான் குடியிருக்கும் ஜாலான் புசாரையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் இது சதுப்பு நிலம். பாக்கு மரங்களும் பழமரங்களும் நின்ற இடம். அக்கம்பக்கத்தில் மாட்டுப்பட்டிகள், அங்கே உழைத்தவர்களில் நம்மவர்கள் பலர். இன்று மிஞ்சியிருப்பவை பெயர்கள். லெம்பு என்றால் மாடு, கெர்பாவ் என்றால் எருமை. இரண்டும் இங்கே சாலைகள். பெட்டேன் சாலையில் 1930ல் கட்டிய வரிசை வீடுகளின் சுவர் ஓடுகளில் மட்டும் பூக்கள் இன்னும் வாடவில்லை. நிலத்துத் தோட்டம் போனது, கைவேலைத் தோட்டம் நிற்கிறது.

கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் கலைப்பணி ஆற்றும் சிற்பி குமாரி நாகப்பனைப் பலர் அறிவீர்கள். உள்அலங்கார வடிவமைப்பிலிருந்து கலைக்கு வந்தவர். அவர் எடுத்துக்கொண்டவை மிளகாய், ஜாதிக்காய், ஆனைக்குன்றிமணி. தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே நிற்கிறது அவருடைய ஆளுயரத்தை மிஞ்சிய வெண்கல மிளகாய். ஆர்ச்சர்ட் சாலையில் ஐயான் கடைத்தொகுதி முன் 2009ல் ஒரு ஜாதிக்காய் வந்தது. அந்த வட்டாரத்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் 1850களில் நோய் தாக்கி அழிந்தவை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு காய் திரும்பி வந்திருக்கிறது!

ஆனைக்குன்றிமணியை நம் பொற்கொல்லர்கள் மஞ்சாடி என்று சொல்லித் தங்கம் நிறுக்கப் பயன்படுத்தினார்கள். மலாய்க்காரர்களுக்கு அது சாகா. மரத்தடியில் அந்தச் சிவப்பு விதையைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்ட பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்! குழந்தைக்குச் சின்ன விதையும் பெரிய சொத்து. அதைப் பெரிதாக வடித்து வைக்கும்போது, எதிரே நிற்கும் பெரியவர் மறுபடியும் சிறுபிள்ளை ஆகிறார் என்பது என் எண்ணம்.

புகைப்படம் போதாதா என்பீர்கள். அங்கே என்ன இருந்தது என்பதைப் படம் காட்டும். அதில் ஒரு குழந்தையின் மனம் எதைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கலைதான் காட்டும். தோட்டத்தையே பாராத பேரப்பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

1960களில் கம்பத்து வீட்டையும் கொல்லை மரங்களையும் விட்டு அடுக்குமாடிக்கு வந்த பிள்ளைகள் இன்று எழுபதை ஒட்டியவர்கள். அவர்களோடு அந்தக் கொல்லைகளும் போய்விடக் கூடாது. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பென்சிலும் தாளும் கொடுங்கள். முழுத் தோட்டம் வேண்டாம். ஒரே ஒரு மரம், அதன் ஓர் இலை, ஒரு காய் போதும். கோடு கோணலாக இருந்தாலும் குறையில்லை. பக்கத்தில் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். 'இது என்ன மரம், தாத்தா?' என்று அது கேட்டால், அந்த மரம் இன்னொரு தலைமுறைக்கு வேர்விட்டது என்று பொருள்.