300 ரூபாயில் ஒரு குடும்பம் வாழுமா?



இருபது வருஷம் மூட்டை தூக்கினவர். திடீர்னு பக்கவாதம். கையும் காலும் வரல. அடுத்த நாளே கூலி நின்னு போச்சு. அவருக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் நிபந்தனை என்ன? 80 சதவீதம் பாதிப்பு இருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கணும். அப்போதான் மாசம் 300 ரூபாய். 2012-ல் நிர்ணயித்த தொகை, இன்றைக்கும் அதேதான்! அதுக்கு மேல கிடைப்பதெல்லாம் மாநில அரசின் பணம்.

இன்னொன்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறனை ஏற்கிறது. பார்க்கின்சன் நோய் அதில் உண்டு. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் போறவருக்கு இடமில்லை. அவரால வேலைக்குப் போக முடியுமா? நீங்களே சொல்லுங்க.

இதை மாற்றப் போராடுவோம். அதுவரைக்கும், இருக்கிற உரிமையை விட்டுடாதீங்க. உங்க தெருவில் இப்படி ஒருத்தர் இருந்தா, யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுங்க. சான்றிதழில் சதவீதம் குறைச்சலா போட்டா, அதே சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருக்கும்போதே நிரந்தரமா, முழுசா முடங்கிப் போனவருக்குப் பத்து வருஷ சர்வீஸ் தேவையில்லை. ஒரு மாசம் பணம் கட்டியிருந்தாலே ஓய்வூதியம் கேட்கலாம், படிவம் 10-டி.

விண்ணப்பம் போட அவரால அலைய முடியாது. நாமதான் கூடப் போகணும்.

300-ஐ உயர்த்து! சிறுநீரக நோயையும் பட்டியலில் சேர்!