செம்பவாங் கடலில் கயாக்

செம்பவாங் கடலோரத்தில் மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையம் ஒன்று இருக்கிறது. ஓரறை வாடகை வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கயாக் எதற்கு, அந்தப் பணத்தைத் துணைப்பாட வகுப்புக்குக் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இருவர் ஓட்டும் கயாக்கைப் பாருங்கள். முன்னால் இருப்பவர் ஒரு வேகத்திலும் பின்னால் இருப்பவர் இன்னொரு வேகத்திலும் வலித்தால் துடுப்புகள் மோதிக்கொள்ளும், படகு திசைமாறும். தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதை அந்தப் பிள்ளை உடனே கண்ணால் பார்க்கிறது. வறுமை முதலில் பறிப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் 1967இல் புலாவ் உபின் தீவில், கயாக் போன்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சிகளைத் தரும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. இன்று உயர்நிலை 3 மாணவர்கள் வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து அங்கே ஐந்து நாள் பயில்கிறார்கள். ஐந்து நாளில் வாழ்க்கை மாறிவிடுமா? மாறாது. இத்தகைய பயிற்சிகள் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் வெளியான ஆராய்ச்சி, தன்னம்பிக்கையும் தன்கட்டுப்பாடும் பயிற்சிக்குப் பிறகும் வளர்ந்ததைக் காட்டியது. நீண்ட பயிற்சிகளே கூடுதல் பலன் தந்தன என்றும் சொன்னது. அதனால்தான் உபினில் தொடங்கியது வீட்டுக்கு அருகே, செம்பவாங் போன்ற இடங்களில், மாதந்தோறும் தொடர வேண்டும் என்கிறேன். வாடகையையும் மருத்துவச் செலவையும் கயாக் தீர்க்காது. அந்த உதவியைக் குறைத்து இதற்குக் கொடுப்பது தவறு. சனிக்கிழமை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் வரவேண்டுமென்றால், சின்னவர்களுக்கும் அங்கேயே இடமும் சாப்பாடும் வேண்டும்.