படகு மோட்டாரின் புகையும் எண்ணெயும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி, சிக்கனம், ஐக்கியம் முதலிய விஷயங்களைப் பற்றி இம்மேடையில் பெரியோர் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் சிறியது. படகின் பின்புறத்தில் மாட்டும் இரண்டு-ஸ்ட்ரோக் மோட்டார் அளவுக்கு மிஞ்சிப் புகைவதும், நீரின்மேல் எண்ணெய் படரவிடுவதும் ஏன் என்பதே அது. சிறியதாயினும், கடலை நம்பி வாழும் நம்மவரின் பிழைப்போடும் உயிரோடும் சம்பந்தப்பட்டதாகலின், சற்றுப் பொறுமையுடன் கேட்கப் பிரார்த்திக்கின்றோம்.

நம் முன்னோர் துடுப்பையும் பாயையும் நம்பினர். காற்றும் நீவாடும் அவர்களுக்குப் பாடம். நமக்கோ மோட்டார் வாய்த்தது. ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவிலுள்ள மில்வாக்கி நகரில் 1909-ஆம் ஆண்டில் இவ்வகை மோட்டாரைச் செய்து விற்கத் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர்க் கண்ணாடி இழைப் படகுகள் நம் கரைகளில் மிகுந்தன. அவற்றோடு இம்மோட்டார்களும் பெருகின. காற்றின் குறியை அறிந்த நாம் மோட்டாரின் குறியையும் அறிய வேண்டாமா?

புகை மிகுந்தால் நம்மவருட் சிலர் உடனே செய்வது யாது? எரிபொருளில் கலக்கும் எண்ணெயைக் குறைத்துவிடுகின்றனர். புகை குறையும், மோட்டாரோ கெடும். இரண்டு-ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெய்க்கென்று அடித்தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து உட்செல்லும் எண்ணெயே தண்டுக்கும் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழுவழுப்பைத் தந்து, பிறகு பெட்ரோலோடு எரிந்து புகையாகின்றது. அதைக் குறைத்தால் பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து இறுகிப்போகும். கரையிலே இறுகினால் பணம் போகும்; கரை மறைந்த ஆழியிலே இறுகினால், வாடைக்காற்று வீசும் வேளையில், என்ன போகும் என்று யாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, புகையை அடக்க முயலாதீர்கள். அதன் காரணத்தைத் தேடுங்கள்.

முதலாவது, கலவையின் அளவு. இக்காலத்து மோட்டார்கள் பலவற்றிற்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் போதும். அதாவது 25 லிட்டருக்கு அரை லிட்டர். பழைய மோட்டார் சிலவற்றிற்கு 25-க்கு 1 வேண்டும். அப்பொழுது அதே 25 லிட்டருக்கு 1 லிட்டராகும். எது தமது மோட்டாருக்கு உரியதென்பதை அதனோடு வந்த புத்தகமே சொல்லும். கண்ணளவாக ஊற்றுவதும், பாதி நிறைந்த டாங்கியில் முழு டாங்கிக்குரிய எண்ணெயைச் சேர்ப்பதும் புகைக்குப் பெருங்காரணங்கள். தானே எண்ணெய் கலந்துகொள்ளும் பம்பு அமைந்த மோட்டாருக்கு டாங்கியிலும் எண்ணெய் கலந்தால் இரட்டிப்பாகும். புது மோட்டாரை ஓட்டிப் பழக்குங் காலத்தில் மட்டும், புத்தகம் கூறினால், அங்ஙனம் செய்யலாம்.

இரண்டாவது, எண்ணெயின் ஜாதி. மலிவு கருதி மோட்டார் சைக்கிள் எண்ணெயையோ, காரிலிருந்து வடித்த பழைய எண்ணெயையோ ஊற்றுதல் கூடாது. கடல்நீரால் குளிரும் மோட்டாருக்கென்றே டி.சி.-டபிள்யூ.3 என்னும் குறியுள்ள எண்ணெய் விற்கின்றது. சாம்பல் தங்காதவாறு செய்யப்பட்டது அது.

மூன்றாவது, புகையின் நிறம். நீலங்கலந்த வெண்புகை எண்ணெய் மிகுதியைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். சோக்கு முழுவதும் திறவாமல் சிக்கியிருக்கலாம், அன்றிக் கார்புரேட்டரின் மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோலை வழியவிடலாம். மோட்டார் சூடேறிய பின்னும் ஆவி போன்ற வெண்புகை ஓயாதாயின், சிலிண்டருக்குள் நீர் புகுகின்றதோ என ஐயுற வேண்டும். அதனை உடனே மெக்கானிக்கிடம் காட்டுக. விடியற்காலையில் குளிர்ந்த மோட்டாரைக் கிளப்பும்போதும், பலநாள் கிடந்ததை எடுக்கும்போதும் சில நிமிஷம் புகைவது இயல்பே. வலை வாங்குகையில் நெடுநேரம் மெதுவாக ஓடினால் எண்ணெய் உள்ளே தேங்கும். வேகங்கொடுத்ததும் அது புகைந்து தெளிந்துவிடும். தெளியாத புகையே நோயாகும்.

நான்காவது, பிளக்குகள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக்கு உலர்ந்து பழுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் கறுத்து, எண்ணெயில் நனைந்திருந்தால் அச்சிலிண்டர் எரியவில்லை என்றறிக. எரியாத பெட்ரோலும் எண்ணெயும் அப்படியே வெளியேறி நீரில் படர்கின்றன. பிளக்கை மாற்றியும் அவ்வாறே இருப்பின், மின்பொறி தரும் சுருளையும் கம்பியையும் சோதிப்பிக்க வேண்டும். நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டாலும் மோட்டார் தகுந்த சூடேறாமல் புகையும்.

ஐந்தாவது, நீரில் தெரியும் எண்ணெய் எங்கிருந்து வருகின்றதென்பது. விசிறியின் நடுவே புகையோடு வருவது எரியாத கலவை. விசிறித் தண்டின் சீல் கெட்டுக் கசிவதோ கீழ்ப்பெட்டியிலுள்ள கியர் எண்ணெய். மோட்டாரைக் கரையில் நிறுத்தி அவ்வெண்ணெயை வடித்துப் பாருங்கள். அளவு குறைந்திருப்பின் கசிவு உண்டு. பால் கலந்த காப்பி நிறமாயின் நீர் உட்புகுந்துவிட்டது. வடிகட்டியும் திரும்ப ஊற்றற்க. சீலை மாற்றுவித்துப் புதிய எண்ணெய் இடுக. இல்லையேல் கியர்கள் துருவேறித் தேய்ந்து அழியும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகையால் சற்று அதிகம் புகையும். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலில் சிறிது ஓட்டுக.

சகோதரர்களே! பழைய முறைக் கார்புரேட்டர் மோட்டார்கள், செவ்வனே ஓடும்போதும், உட்கொள்ளும் எரிபொருளிற் கால்பங்குவரை எரியாமலே வெளியே விடுகின்றன. ஆதலால் அமெரிக்க அரசாங்கம் 1996-இல் இதற்கென விதி வகுத்தது. செவ்வனே ஓடும் மோட்டாரே அவ்வளவு கக்குமாயின், கெட்ட மோட்டார் கக்குவதைக் கணக்கிடுங்கள். அது நாம் உழைத்துச் சம்பாதித்த பணம். நம் மீன் குஞ்சு பொரிக்கும் நீர். பின்னணியத்தில் நாள்தோறும் அப்புகையை மூச்சிழுக்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சு.

ஆகவே யாம் சங்கத்தார்க்குச் செய்யும் விக்ஞாபனம் இரண்டு. ஒவ்வொரு கரையிலும் கோடிட்ட அளவுக் குவளை ஒன்றைச் சங்கப் பொதுச் செலவில் வைத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், எந்தப் படகுக்கு எத்தனை லிட்டரில் எவ்வளவு எண்ணெய், பிளக்கு மாற்றிய தேதி யாது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வருதல் வேண்டும். சில ரூபாய்ச் செலவில் முடியும் காரியம் இது. தாய்மார்களும் பாடு கிளம்புமுன் “எண்ணெய் அளந்தீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்பார்களாயின், எம் உபந்நியாசம் முழுவதினும் அது மிக்க பயன் தரும்.