காற்றாலையும் கண்ணெதிர் நிலமும்: கருத்துச் சொல்லும் உரிமை யாருக்கு?



காற்றாலைகள் குறித்த விவாதங்களில் 'காட்சிப் பாதிப்பு' என்ற சொல் உலகெங்கும் அடிபடுகிறது. நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த கோபுரங்கள் குன்றின் மீதும் கடலிலும் எழுந்து, ஒரு நிலப்பரப்பின் தோற்றத்தையே மாற்றிவிடுகின்றன. சுழலும் இறக்கையின் நிழல் வீட்டுச் சுவரில் விட்டுவிட்டு விழுகிறது. இரவெல்லாம் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. இது வசதி படைத்தோரின் அழகியல் கவலை, உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி இடதுசாரி ஊழியர்களிடையேகூட எழுவதுண்டு. அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி நம் நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் கிடக்கிறது.

முதலில் அந்தப் பாதி நியாயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையை ஒட்டிய நாண்டுக்கெட் கடற்பகுதியில் 130 காற்றாலைகளை நிறுவும் திட்டம் 2001இல் முன்வைக்கப்பட்டது. கரையில் மாளிகைகள் வைத்திருந்த பெரும் செல்வந்தர்கள் அதை எதிர்த்தனர். எதிர்ப்பு இயக்கத்திற்குப் பணத்தை வாரி வழங்கி முன்னின்றவர், நிலக்கரித் தொழிலில் ஈடுபட்டிருந்த கோடீஸ்வரர் வில்லியம் கோக். கென்னடி குடும்பத்தினரும் எதிர்த்தனர். அதே கடலின் கரையில் வாழும் வாம்பனோக் பழங்குடியினரும் எதிர்த்தார்கள். தடையற்ற கடல்வெளியில் சூரிய உதயத்தைக் கண்டு வணங்குவது அவர்களது சமயச் சடங்கு. 2010இல் மத்திய அரசு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தபோது பழங்குடியினரின் ஆட்சேபம் ஓரம்கட்டப்பட்டது. செல்வந்தர்கள் தொடுத்த வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் நீண்டன. மின் கொள்முதல் ஒப்பந்தங்கள் கைநழுவின. 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரே கடல், ஒரே காட்சி; ஆனால் வழக்குச் செலவைத் தாங்கக்கூடியவனின் கண்ணுக்கே மதிப்பு கிடைத்தது.

இதற்கு நேர்மாறான அனுபவம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுடையது. துறைமுகத்திற்கு வெளியே மிடில்குருண்டன் என்ற ஆழமற்ற கடற்பகுதியில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் அமைப்பதே முதல் திட்டம். 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. நகரின் கடல் முகப்பு பாழாகும் என்ற ஆட்சேபம் வலுவாக எழுந்தது. வரைபடம் மாற்றப்பட்டது. வில்போல் வளைந்த ஒற்றை வரிசையில் 20 காற்றாலைகள் போதும் என முடிவாயிற்று. 2000இல் நிறுவப்பட்ட அந்த 40 மெகாவாட் நிலையத்தின் பாதிப் பங்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருந்தது. 8,500க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் அதன் உறுப்பினர்கள். டென்மார்க் முதலாளித்துவ நாடுதான், அதைச் சொர்க்கமாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஏழு காற்றாலைகளைக் குறைத்து மக்களின் சம்மதத்தைப் பெற முடிந்தது என்பதும், எதிர்த்திருக்கக்கூடியவர்கள் உடைமையாளர்கள் ஆனார்கள் என்பதும் கவனத்திற்குரியவை.

நம் நாட்டுக்கு வருவோம். 2025இல் இந்தியாவின் காற்றாலை மின் திறன் 50,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலக்கரியிலிருந்து விடுபடும் பாதையில் இது அவசியமான வளர்ச்சியே. எனினும், எந்தக் காற்றாலைத் திட்டத்திற்காவது சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டுமா? வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் அனல்மின் நிலையம் உண்டு, அணை உண்டு, சுரங்கம் உண்டு, காற்றாலை இல்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றாலையை 'வெள்ளை'ப் பிரிவில் வைத்தது. அதாவது, இயக்குவதற்கு இசைவு பெற வேண்டாம், தகவல் தெரிவித்தால் போதும். அதே ஆண்டு வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி அமைக்கச் சொல்கிறது. அது இரைச்சலுக்கான தூரம். எதிரே நிற்கும் குன்றைப் பற்றி ஊரார் சொல்ல விரும்புவதை எங்கே சொல்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் நிறுவனங்கள் தனியார் நிலத்தை நேரடியாக வாங்குகின்றன அல்லது குத்தகைக்கு எடுக்கின்றன. மற்றபடி, வருவாய்த்துறையின் 'தரிசு' நிலத்தை மாநில அரசே ஒதுக்கித் தருகிறது. கையகப்படுத்தல் நடக்காத இடத்தில் ஆய்வும் நடக்காது.

இந்தத் 'தரிசு' என்ற சொல்லில்தான் சூழ்ச்சி முழுவதும் இருக்கிறது. ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்தில் 'ஓரண்' எனப்படும் தெய்வக் காடுகள் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டு வருகின்றன. அங்கே மரத்தில் கோடரி விழக்கூடாது என்பது ஊர்க்கட்டு. ஒட்டகமும் ஆடும் மாடும் அங்கேதான் மேய்கின்றன. மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. வருவாய்ப் பதிவேட்டில் இவற்றில் பல வெறும் அரசு நிலம் அல்லது பாழ்நிலம். தேக்ராய் ஓரணின் வழியே உயர் மின்னழுத்தக் கம்பிகள் சென்றபோது அப்பகுதி மக்கள் திரண்டு எதிர்த்தனர். ஆந்திராவின் பழைய அனந்தபூர் மாவட்டத்தில் கல்பவல்லி என்ற குன்றுப்பகுதி, 1990களிலிருந்து கிராம மக்களின் உழைப்பால் மீண்டும் பசுமை கண்ட இடம். பதிவேட்டில் அதுவும் தரிசுதான். காற்றாலை வந்தபோது, நீண்ட இறக்கைகளை ஏற்றி வரும் வாகனங்களுக்காகக் குன்றுகள் வெட்டப்பட்டு அகலமான சாலைகள் போடப்பட்டன. மேய்ச்சல் துண்டானது. பிரச்சினை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

மேய்ப்பனுக்குக் குன்று என்பது சும்மா நின்று பார்த்து ரசிக்கும் காட்சியல்ல. எந்தச் சரிவில் புல் முளைத்திருக்கிறது, மந்தை எங்கே நிற்கிறது என்பதை அவர் தொலைவிலிருந்தே கண்டுகொள்கிறார். அவரது கண்ணும் பிழைப்பும் பிரிக்க முடியாதவை.

நீதிமன்றங்களும் இந்தக் குரலை முழுமையாகக் கேட்டதில்லை. கானமயிலைக் காக்க, ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மின்கம்பிகள் மீது உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பொருந்திய அந்த ஆணையை 2024 மார்ச்சில் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. ஒருபக்கம் பறவை, மறுபக்கம் பருவநிலை என்றே வாதம் நடந்தது. நடுவில் வாழும் மனிதர்கள் தரப்பாகவே நிற்கவில்லை. 2024 டிசம்பரில் ஓரண்களை அளந்து காடுகளாக அறிவிக்குமாறு ராஜஸ்தான் அரசுக்கு அதே நீதிமன்றம் ஆணையிட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் வனத்துறை வந்தால் மேய்ச்சல் நின்றுபோகுமோ என்ற அச்சமும் ஊர்களில் இருக்கிறது. அது நியாயமான அச்சம்.

கருத்துக் கேட்பு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அனல்மின் நிலையங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நடக்கும் கூட்டங்களின் லட்சணம் தோழர்கள் அறிந்ததே: காவல்துறை வளையம், ஆங்கில அறிக்கை, கூலிக்கு அழைத்து வரப்பட்ட ஆதரவாளர்கள். காட்சி மதிப்பீட்டிலும் தந்திரம் உண்டு. பிரிட்டன் போன்ற நாடுகளில் காற்றாலை எங்கிருந்தெல்லாம் தெரியும் என வரைபடம் போடுகிறார்கள். சில இடங்களில் நின்று எடுத்த படத்தில் கோபுரங்களைப் பொருத்திக் காட்டுகிறார்கள். அகலக் கோண வில்லையில் எடுத்தால் கோபுரம் சிறிதாகத் தெரியும். எந்த இடத்தில் நின்று எடுப்பது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுத்தால், அது நெடுஞ்சாலையாக இருக்கும், ஆட்டுப்பாதையாக இராது.

எனவே கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட காற்றாலைத் திட்டங்களையும் அவற்றின் மின்பாதைகளையும் 2006 அறிவிக்கையின் பட்டியலில் சேர்க்க வேண்டும். இடம் முடிவாகும் முன்பே, தாய்மொழியில், கிராம சபையில் வரைபடம் வைக்கப்பட வேண்டும். எங்கிருந்து பார்ப்பது என்பதை ஊரார் முடிவு செய்ய வேண்டும். வன உரிமைச் சட்டமும் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் பொருந்தும் இடங்களில் கிராம சபையின் சம்மதமின்றி ஒரு கோபுரமும் எழக்கூடாது. உள்ளூர்க் கூட்டுறவுக்குப் பங்கு வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஒவ்வொரு மாவட்டத்திலும் விவசாயத் தொழிலாளர், விவசாயிகள் சங்கக் கிளைகள் வருவாய்ப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு 'தரிசு' என்று எழுதப்பட்ட நிலங்களுக்கு நேரில் செல்ல வேண்டும். அங்கே யார் மேய்க்கிறார்கள், யார் விறகு பொறுக்குகிறார்கள், எந்தத் தெய்வம் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்து, அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாக்க வேண்டும்.